குழாய் கேட்ட இடம்

மதியத்துக்கு மேல்தான் ஷோல்பானுக்கு அது உறைத்தது. சமையலறைச் சுவரோரம் ஓடும் வெந்நீர்க் குழாய் டிக், டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அது சத்தம் போட வேண்டிய நேரமே இல்லை.

வீடுகளைச் சூடாக வைக்க ஊர் முழுவதற்கும் வெந்நீர் அனுப்பும் கொதிகலன் வீட்டில் குழாய்ப் பிரிவு மேஸ்திரி ஓராஸ்பெக். அவனுக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு, இரும்பு எப்போது வாய் திறக்கும் என்று தெரியாதா என்ன? விடியற்காலையில் கொதிகலன்காரர்கள் நிலக்கரியை அள்ளிப் போட்டதும் தண்ணீர் சூடேறி வரும், குழாய் நீளும், சுவர் ஓட்டையில் உரசிக்கொண்டு கிழவன் எழுந்திருப்பதுபோல முனகும். தீயைத் தணித்தால் சுருங்கும், அப்போதும் கொஞ்சம் முனகும். நடுவில் சூடு ஒரே அளவில் நிற்கிற பொழுதெல்லாம் கம்மென்று கிடக்கும். நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை என்றால் இரும்புக்குப் பேச என்ன இருக்கிறது?

அவள் உள்ளங்கையைக் குழாயின் மேல் வைத்துப் பார்த்தாள். காலையில் இருந்த அதே சூடு. ஜன்னலுக்கு வெளியே தொங்கிய வெப்பமானியில் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது. ஒரு வாரமாக அது அங்கேயேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதுவும் மாறவில்லை. ஆனாலும் கைக்கு அடியில் ஒரு டிக். பிறகு ஒரு நீண்ட நிறுத்தம். பிறகு இன்னொன்று, முந்தியதைவிடக் கொஞ்சம் கிட்டத்தில்.

அன்று வியாழக்கிழமை. செத்தவர்களுக்கு எண்ணெய் வாசம் எழுப்புகிற நாள். மாவைத் தட்டி, கொதிக்கும் எண்ணெயில் ஏழு ரொட்டி போட்டெடுத்து, வாசம் போய்ச் சேர வேண்டியவனின் பேரைச் சொல்லி ஓதிவிட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார்கள். ஷோல்பான் இந்தக் குளிர்காலம் பூராவும் தன் தம்பி மெய்ராமுக்காகத்தான் போடுகிறாள். இன்றும் முதல் ரொட்டியை எண்ணெயில் இட்டு, புகை கண்ணைக் கரிக்க, "தம்பி, உனக்குத்தான்" என்று முணுமுணுத்தாள். அப்போதுதான் டிக் சத்தம் ஆரம்பித்திருக்கிறது. சீ, பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டு அடுத்த ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

மெய்ராம் குழாய் ஒட்டுகிறவன். மச்சான் ஓராஸ்பெக்கின் கீழேயே வேலை பார்த்தான். முதல் கடுங்குளிர் இறங்கிய அன்று, தெருக்கோடியில் இருக்கும் வால்வுக் குழிக்குள் அவன் இறங்கியிருந்தபோது தலைமைக் குழாய் பிய்த்துக்கொண்டது. மூடிய குழிக்குள் கொதிக்கிற தண்ணீர். குடித்துவிட்டுப் போய் வால்வை ஒரேயடியாகத் திறந்துவிட்டான் என்று ஓராஸ்பெக் விசாரணையில் சொன்னான். குடித்தவனின் பெண்சாதிக்கு உதவித்தொகை கிடையாது. குடித்தவனின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் சும்மா விடுவதும் இல்லை. குடியை விட்டுவிட்டதாகத் அக்காள் தலையில் அடித்துச் சத்தியம் செய்த தம்பி இப்படிச் செய்துவிட்டானே என்று ஷோல்பானும் அழுதாள். அழுதாள், நம்பினாள். புருஷன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது?

கதவு தட்டப்பட்டது. மெய்ராமின் மனைவி ஐமான். அடக்கம் முடிந்த நாளிலிருந்து இந்த வாசலை மிதிக்காதவள். தலைத்துணியிலும் புருவத்திலும் உறைபனி வெள்ளையாக அப்பியிருந்தது.

"வா ஐமான், உள்ள வா. டீ ஊத்தறேன்."

"டீ குடிக்க வரல அக்கா. உங்க தம்பி பேரச் சொல்லி ரொட்டி போடுறீங்களே, அதுல ஒண்ணு வாங்கிட்டுப் போலாம்னுதான் வந்தேன்." அவள் உட்காரவில்லை. "அப்படியே ஒரு விஷயம் கேக்கணும். உங்க வீட்டுக் குளியல் அறை நிக்கிற இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு?"

"குழாயோட வளைவு இருந்துச்சு. ஏன்?"

"அது எங்க போச்சு?"

ஷோல்பான் பின்பக்க ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். போன கோடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டு மேய்ச்சல் நிலத்துக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது தோட்டத்தில் புத்தம்புதுக் குளியல் அறை. அதுவரை தலைமைக் குழாய் அந்த இடத்தில் ஆட்டுப்பட்டி வேலிபோல மூன்று பக்கமும் வளைந்து போய்த் திரும்பும். இப்போது கோடு போட்டாற்போல நேராக ஓடியது. பாதித் தோட்டத்தை அடைத்துக் கிடந்த சனியன் தொலைந்தது என்று அவள் சந்தோஷம்கூடப் பட்டாள்.

"இன்னைக்குக் காலைல போலாத் வந்தான் அக்கா," என்றாள் ஐமான். "வால்வுக்காரன் போலாத். வேலைய விட்டுட்டு ஊரை விட்டே போறானாம். போகும்போதுதான் அவனுக்கு வாய் வந்திருக்கு. அந்த வளைவு சும்மா அழகுக்கு வச்சதில்ல. சூட்டுல குழாய் நீளும்போது அது ஒதுங்கி நிக்கறதுக்கு விட்ட இடம். வளைவை எடுக்காதீங்க மச்சான், இரும்பு போக எங்கயாவது இடம் வேணும், இல்லன்னா பிச்சுக்கும்னு உங்க தம்பி கையெடுத்துக் கும்பிட்டிருக்காரு. ஒட்டுறியா, இல்ல வேற வேலை பாத்துக்கிறியான்னு உங்க வீட்டுக்காரர் கேட்டிருக்காரு. பிள்ளைங்க இருக்கே. உங்க தம்பி தன் கையாலயே அறுத்து, தன் கையாலயே நேரா ஒட்டிக் கொடுத்திருக்காரு."

"குடிச்சிருந்தான்னு..."

"பல்லுல தண்ணி படாம நோன்பு பிடிச்சிருந்தாரு அன்னைக்கு. எனக்குத் தெரியாதா? நான்தான சாயங்காலத்துக்குச் சமைச்சு வச்சுட்டு உக்காந்திருந்தேன்." ஐமான் அழவில்லை. அழுது முடித்தவளின் குரல் அது. "காசு வேண்டாம் அக்கா. என் மகன் பள்ளிக்கூடத்துலேருந்து மூக்கு ஒடஞ்சு வர்றான். அவன் அப்பன் குடிகாரன் இல்லன்னு உங்க வீட்டுக்காரர் ஊரறிய ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான்."

ரொட்டியைத் தலைத்துணி நுனியில் மூடிக்கொண்டு அவள் போய்விட்டாள். ஷோல்பான் அடுப்பை அணைக்கவும் மறந்து நின்றாள். எண்ணெய் கருகிப் புகைந்தது. அந்தப் புகை வீட்டுக்குள் சுற்றாமல், சுவர் ஓட்டையை நோக்கி, குழாய் வெளியே போகிற அந்தச் சின்ன இடுக்கை நோக்கி, யாரோ மூச்சு இழுப்பதுபோல மெல்ல நீண்டு போய்க்கொண்டிருந்தது.

அவள் பின்பக்க ஜன்னலில் படிந்திருந்த உறைபனியை நகத்தால் சுரண்டி வெளியே பார்த்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தகரம் சுற்றிய தலைமைக் குழாய், முழங்கால் உயரக் கான்கிரீட் கட்டைகளின் மேல், குளியல் அறைக் கதவுக்கு எதிரே இரண்டு எட்டுத் தள்ளி ஓடியது. குழாயைத் தாண்டிப் போக ஓராஸ்பெக் ஒரு மரப்படி போட்டிருந்தான். காலையில் நேராக இருந்த அந்தப் படி இப்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கட்டைகளின் மேல் படிந்திருந்த பனியில், குழாய் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், ஈரமான ஒரு தடம். பாரமான எதையோ அங்குலம் அங்குலமாக இழுத்த தடம். குளியல் அறை இருக்கும் பக்கமாக.

குழாய் நீளும் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு விரல் நீளும். இரண்டு விரல் நீளும். ஒரு சாண் நகர்ந்த குழாயை அவள் பார்த்ததில்லை.

இருட்டும் நேரத்துக்கு ஓராஸ்பெக் வந்தான். தோளில் பனி, வாயில் பாட்டு. வியாழக்கிழமை அவனுக்கு ஆவிக் குளியல் நாள். தலைமைக் குழாயிலிருந்தே ஒரு கிளை திருடிக் குளியல் அறைக்கு இழுத்திருந்தான். மதியத்திலிருந்து அது உள்ளே கொதித்துக்கொண்டு கிடந்தது.

"என்ன வாடை இது? வீட்டக் கொளுத்தப் பாத்தியா?"

"எண்ணெய் கருகிடுச்சு. ஐமான் வந்திருந்தா."

"காசு கேட்டாளா?"

"இல்ல. குளியல் அறை இருக்கிற இடத்துல என்ன இருந்துச்சுன்னு கேட்டா."

அவன் ஒரு காலில் கம்பளிப் பூட்ஸோடு, கழற்றிய மற்றதைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தான். ஒரு கணம்தான். பிறகு சிரித்தான். "எவனோ அவ காதுல ஓதியிருக்கான். இரும்பு ரெண்டு விரல் நீளறதுக்கு என் தோட்டத்துல பாதிய எழுதிக் கொடுக்கணுமா?"

"மெய்ராம் குடிச்சிருந்தானா?"

"இப்ப எதுக்கு அது?"

"குடிச்சிருந்தானாங்க?"

"இதோ பாரு ஷோல்பான். நான் உள்ள போயிருந்தா நீயும் பிள்ளைங்களும் எந்தத் தெருவுல நின்னிருப்பீங்க? அவன் போய்ச் சேந்துட்டான். செத்தவன் மேல ஒரு வார்த்தை கூடச் சொன்னா செத்தவனுக்கு என்ன கொறஞ்சுடும்?" குளிக்கும்போது உடம்பில் தட்டிக்கொள்ள, கொக்கியில் தொங்கிய பிர்ச் இலைக் கொத்தை எடுத்துக்கொண்டான். "முதுகு தேய்க்க வர்றியா, இல்ல இப்படியே மொறச்சுக்கிட்டு நிக்கப் போறியா?"

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தம்பியின் ஜனாஸா தொழுகையில் முன்வரிசையில் நின்று, பாடைக்குத் தோள் கொடுத்த மனிதன் இவன். தானும் இவனுக்கு அன்றைக்கு டீ ஊற்றிக் கொடுத்திருக்கிறாள், கறி வைத்திருக்கிறாள், கண்ணைத் துடைத்துவிட்டிருக்கிறாள். வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு ஒன்றை மட்டும் சொன்னாள். "படி சாஞ்சு கெடக்கு. குழாய் நகந்திருக்கு. இன்னைக்குப் போகாதீங்க."

"குளிருக்கு மண்ணு உப்பியிருக்கும். வருஷா வருஷம் உப்புறதுதான," என்று அவன் போய்விட்டான்.

தடுத்திருக்கலாம். கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். அவள் செய்யவில்லை. படியைத் தாண்டி அவன் போவதும், இரும்புக் கதவு திறந்து மூடுவதும், குளியல் அறையின் சின்ன ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம் எரிவதும் அவளுக்குச் சுரண்டிய ஓட்டை வழியே தெரிந்தது.

வீட்டுக்குள் சத்தம் நின்றது.

அத்தனை நேரம் தொந்தரவாக இருந்த டிக் நின்றதும்தான் அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது. சமையலறைக் குழாயைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. படுக்கையறைக்கு ஓடி அங்கே தொட்டாள். அங்கும் சில்லிப்பு. மூச்சு வெள்ளையாக வெளியே வந்தது. ஊருக்கெல்லாம் போகிற சூடு இந்த வீட்டை விட்டுவிட்டு வேறெங்கோ போகிறது. ஒரே இடத்துக்குப் போகிறது.

வெளியே ஒரு முனகல் எழுந்தது. குழாயின் முனகல்தான், ஆனால் இவ்வளவு தாழ்வாக, இவ்வளவு நீளமாக அவள் கேட்டதில்லை. தரை வழியே வந்தது. அலமாரியில் பீங்கான் கிண்ணங்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. தகரம் கிழிந்தது. மரம் முறிந்தது. பிறகு இரும்பு மேல் இரும்பு மோதுகிற சத்தம். ஒரே ஒரு முறை.

மேலங்கிகூடப் போடாமல் வெளியே ஓடினாள். குளிர் மூக்கைக் கவ்வியது. மரப்படி சுள்ளியாகக் கிடந்தது. கட்டைகள் வெறுமையாக நின்றன. குழாய் அவற்றின் மேல் இல்லை. வில்லாக வளைந்து, பனியைத் தள்ளிக்கொண்டு போய், குளியல் அறைக் கதவின்மேல் சாய்ந்திருந்தது. தகரம் உரிந்த இடத்தில் இரும்பு கருநீலமாக ஆவி விட்டது.

உள்ளேயிருந்து ஓராஸ்பெக் கதவைத் தட்டினான்.

"ஷோல்பான்! கதவு மாட்டிக்கிச்சு. கடப்பாரைய எடுத்துட்டு வா."

கடப்பாரை சுவரில் சாய்ந்துதான் இருந்தது. அவள் எடுத்தாள். கை இரும்பில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவு குளிர். கதவுக்குக் கிட்டே போனாள். போனவள் நின்றாள்.

"மெய்ராம் குடிச்சிருந்தானா?"

"என்ன ஒளர்ற? உள்ள சூடு ஏறுது. கிளைக் குழாய மூட முடியல. தெற கதவ."

"குடிச்சிருந்தானா?"

கெட்ட வார்த்தை வந்தது. அவள் அம்மாவை, அவள் வம்சத்தை, அவள் பிள்ளை பெற்ற வயிற்றை. குழாய் கொஞ்சம் அசைந்தது. கதவு உள்நோக்கி ஒரு விரல் வளைந்தது. வசவு நின்றுவிட்டது.

"ஷோல்பான். அம்மா. கண்ணு. எல்லாம் பேசிக்கலாம். முதல்ல தெற."

"நீ முதல்ல சொல்லு. சத்தமாச் சொல்லு. தெருவுக்குக் கேக்கணும்."

முனகல் கேட்டுத் தெருவே எழுந்து வந்திருந்தது. வேலிக்கு அப்பால் நாலைந்து தலைகள். யாரும் உள்ளே வரவில்லை. எல்லாம் அவன் கீழே வேலை பார்த்தவர்கள், பார்ப்பவர்களின் பெண்டாட்டிகள். எல்லாருக்கும் அந்த வளைவு எங்கே போனது என்று தெரியும். இத்தனை மாதமாகத் தெரியும். ஐமான் மட்டும் வேலியைத் தாண்டி வந்து ஷோல்பானின் பக்கத்தில் நின்றாள்.

குழாய் மறுபடி அசைந்தது.

"குடிக்கல!" என்றான் ஓராஸ்பெக் உள்ளேயிருந்து. குரல் உடைந்திருந்தது. "அவன் குடிக்கல. வளைவ நான்தான் எடுக்கச் சொன்னேன். அவன் வேண்டாம்னான். நான்தான். எம்மேலதான் தப்பு. கேட்டுச்சா? எல்லாருக்கும் கேட்டுச்சா?"

கேட்டது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எல்லாம் என்று ஷோல்பான் நினைத்திருந்தாள். வந்துவிட்டது. நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்து இறங்கியது. சந்தோஷம்தான் அது, வேறு பேர் சொல்லி என்ன?

"போதுமா ஐமான்?"

"எனக்குப் போதும் அக்கா," என்றாள் ஐமான் குழாயைப் பார்த்துக்கொண்டே. "அவருக்குப் போதுமான்னு தெரியல."

ஷோல்பான் கடப்பாரையைக் குழாய்க்கும் கதவுக்கும் இடையே செருகி மிதித்தாள். மெழுகுபோல வளைந்தது கடப்பாரை. "தம்பி," என்றாள். "அவர் சொல்லிட்டாரு. ஊரே கேட்டுச்சு. விட்டுடு. என் பிள்ளைங்களுக்கு அப்பன்டா. விட்டுடு."

குழாய் நின்றது.

ஒரு நொடி நின்றது. பிறகு மெல்ல, ரொம்பப் பொறுமையாக, இரண்டு பக்கமும் நீண்டது. ஒரு பக்கம் அறையின் இடச் சுவரோரம், மறுபக்கம் வலச் சுவரோரம். மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு, அறுத்தெடுத்த பழைய வளைவைப் போலவே நின்றது. செங்கல் பொடிந்தது. கூரை ஒரு பக்கம் இறங்கியது. ஒட்டுப் போட்ட தழும்பு எங்கேயும் இல்லை.

உள்ளே அவன் இப்போது கத்தவில்லை. வேறு யாரிடமோ மெதுவாகப் பேசினான். "மச்சான் தெரியாமப் பண்ணிட்டேன்டா. கொஞ்சம் தள்ளி நில்லு. கொஞ்சம் தள்ளு. இடம் இல்லடா இங்க."

ஐமான் தலைத்துணியை வாயில் திணித்துக்கொண்டாள்.

சின்ன ஜன்னலில் வெளிச்சம் இன்னும் எரிந்தது. கண்ணாடி முழுக்க ஆவி. அதில் ஓராஸ்பெக்கின் கை வந்து அறைந்தது, விரல்கள் விரிந்து, சிவந்து. ஷோல்பான் ஓடிப்போய்த் தன் கையை வெளிப்பக்கம் வைத்தாள். ஒரு கண்ணாடிதான் நடுவில். அவன் கைக்குப் பின்னால் ஆவி விலகியது. இன்னொரு கை வந்தது. வெந்து வெளுத்த கை. மணிக்கட்டில் தோல் ஈரக் கையுறைபோலக் கழன்று தொங்கியது. அவசரமே இல்லாமல் அது அவன் கைமேல் படிந்து, அவன் விரல்களின் இடுக்குகளில் தன் விரல்களை ஒவ்வொன்றாக நுழைத்து, கண்ணாடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டது.